வர்ணனை ஒட்டமாட்டேன் என்கிறதா? ஐம்புலன் கோளாறுகளும் கைவைத்தியமும்

பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடுவோம். அவரவர் எழுதியதை வாசித்துக் காட்டுவோம். எனக்குத் தொழில் பிழை திருத்துவது. இருபது வருடமாக அடுத்தவர் எழுத்தில் ஒற்றும் சந்தியும் பார்த்துப் பார்த்து, வர்ணனை எந்த இடத்தில் நொண்டுகிறது என்பதும் ஓரளவுக்குப் பிடிபட்டுவிட்டது. புதிதாக எழுத வருகிறவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "எல்லாத்தையும் எழுதிட்டேன் அண்ணாச்சி, ஆனா படிச்சா ஒண்ணும் ஒட்ட மாட்டேங்கு."

ஒட்டாததற்குப் பல காரணங்கள் உண்டு. அதனால் கீழே அறிகுறி வாரியாகச் சொல்கிறேன். உங்கள் கதையில் எது இருக்கிறதோ அங்கே மட்டும் போங்கள். எல்லா மருந்தையும் ஒரே கதைக்குக் கொடுத்தால் அது வேறு வியாதியில் கொண்டுபோய் விடும். அந்த வியாதியும் இரண்டாவதாக வருகிறது.

அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. கதையைத் தாளில் எடுத்துக்கொண்டு பென்சிலோடு உட்காருங்கள். கண்ணால் பார்த்த விவரத்தின் மேல் 'க', காதுக்கு 'செ', மூக்குக்கு 'மூ', நாக்குக்கு 'நா', தோலில் பட்டதற்கு 'தோ' என்று எழுதிக்கொண்டே போங்கள். ஐந்தும் சமமாக வரவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எங்கே குவிந்திருக்கிறது, எங்கே காலியாகக் கிடக்கிறது என்று தெரிந்தால் போதும். என்னிடம் வருகிற தாள்களில் பெரும்பாலும் பக்கம் முழுக்க க, க, க என்று காக்கை கரையும்.

அறிகுறி: எல்லாம் தெரிகிறது, உள்ளே போகத்தான் முடியவில்லை

காக்கை கரைகிற தாளுக்கு இதுதான் நோய். உதாரணத்துக்கு வேறு யாரையும் இழுக்க வேண்டாம், என்னுடையதையே காட்டுகிறேன்:

'அதிகாலைத் தாமிரபரணி. கிழக்கே செவ்வானம். குறுக்குத்துறை மண்டபத்துத் தூண்கள் நீரில் நிழலாடின. கரையெங்கும் மரங்கள் பச்சைப்பசேலென்று நின்றன. கொக்குகள் வெள்ளைப் பூக்களாய்ப் பறந்தன.'

இதை வாசித்த அன்று எங்கள் கூட்டத்துக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். இசை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பிறவியிலேயே பார்வையில்லாதவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நான் எங்க நிக்கேன்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. படித்துறையிலா, பாலத்து மேலேயா, பஸ்ஸில் ஜன்னலோரமா? நான் எழுதியதை வைத்துச் சொல்ல முடியாது. கண்ணுக்கு எட்டாத தூரம் கிடையாது, நட்சத்திரம் வரைக்கும் போகும். அதுதான் அதன் பலம், எழுத்தில் அதுவே பலவீனமும். நாக்குக்கும் தோலுக்கும் பொருள் உடம்பில் பட்டாக வேண்டும். மூக்குக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கலாம், காதுக்கு இன்னும் கொஞ்சம். வெறும் கண்ணால் எழுதிய பத்தியில் நிற்பதற்கு ஒரு உடம்பே இருப்பதில்லை.

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவு வாரியாக வகுக்கிறது. ஓரறிவு என்பது உற்றறிவது, அதாவது தொடுவுணர்வு. அதற்கு மேல் ஒவ்வொன்றாக நாக்கு, மூக்கு, கண், செவி, ஆறாவதாக மனம். கண்ணுக்கு அங்கே நாலாவது இடம். இலக்கணம் உயிர்களைத்தான் பேசுகிறது, கதை திருத்துவதை இல்லை. ஆனாலும் நான் அந்த வரிசையை இரவல் வாங்கிக்கொண்டேன். திருத்தும்போது தோலிலிருந்து தொடங்குவேன்.

சரிசெய்வது சுலபம். ஒவ்வொரு காட்சியின் முதல் இரண்டு வாக்கியத்துக்குள் பாத்திரத்தின் உடம்பில் எதுவாவது பட வேண்டும். கால் ரொம்ப நம்பகமானது. கை பொய் சொல்லும், முகம் நடிக்கும், பாதம் அது நிற்கிற இடத்தில்தான் இருக்கும். திருத்தியது இது:

'மூன்றாம் படியில் பாசி. பெருவிரலை ஊன்றித்தான் இறங்க வேண்டியிருந்தது. மார்கழிக் காற்றுக்குத் தோள் இரண்டும் நடுங்கின. தண்ணீர் வெதுவெதுவென்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டது. நின்ற இடத்தில் நிற்க விடாமல் மீன்குஞ்சுகள் குதிகால் வெடிப்பைக் கொத்தின. மண்டபம் அப்புறம்தான் கண்ணில் பட்டது.'

மார்கழியில் ஆறு எப்படி வெதுவெதுப்பாக இருக்கும் என்று சென்னை நண்பர் ஒருவர் கேட்டார். காற்று ராத்திரியில் சீக்கிரம் குளிர்ந்துவிடும், தண்ணீர் சூட்டை மெதுவாகத்தான் விடும். விடிகாலையில் இறங்கியவருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால் 'குளிர்ந்த நீர்' என்று கை தானாக எழுதிவிடும். என் முதல் பிரதியிலும் அப்படித்தான் இருந்தது.

அறிகுறி: ஐந்து புலனும் வரிசையாக ஆஜர்

'தெரு அழகாக இருந்தது. மல்லிகை மணத்தது. குயில் கூவியது. தென்றல் வருடியது. வாயில் மிட்டாய் இனித்தது.' வாத்தியார் பெயர் கூப்பிட, ஒவ்வொன்றாக எழுந்து 'உள்ளேன் ஐயா' சொன்ன மாதிரி இருக்கிறதல்லவா? ஐம்புலனையும் பயன்படுத்து என்று யாரோ சொல்லிவிட்டார்கள், இவரும் பயன்படுத்திவிட்டார்.

காரணம், அந்தத் தெருவில் பாத்திரத்துக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா நிற்கிறவனுக்குப் புலன்கள் தனித்தனியாகத்தான் வரும். கைக்கு ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள், ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு வரும்.

பதநீர் குடிப்பதையே எடுத்துக்கொள்ளலாம். சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் போனால் பனையோலையை மடித்துப் பட்டை பிடித்து அதில்தான் ஊற்றுவார்கள். பட்டையை இரண்டு கையாலும் ஏந்த வேண்டும். கொஞ்சம் தளர்த்தினால் மடிப்பு வழியே ஒழுகி, மணிக்கட்டில் இறங்கி, முழங்கையில் பிசுபிசுக்கும். கெட்டியாகப் பிடித்தால் ஓலை நெளிந்து முகத்தில் தெறிக்கும். குனிந்து வாயை வைக்கும்போது ஓலையின் விளிம்பு உதட்டை லேசாக அறுக்கும். மூக்கு முழுக்கப் பட்டைக்குள் போய்விடுவதால் பதநீர் நாக்கில் படுவதற்கு முன்பே பச்சை ஓலையின் வாசம் ஏறிவிடும். பிறகு இனிப்பு. இனிப்புக்கு அடியில் ஒரு சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பு கலப்படம் இல்லை. கலயத்தின் உட்புறம் அதைத் தடவித்தான் பாளையில் கட்டுவார்கள். தடவாமல் விட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். இத்தனையும் நடக்கும்போது காதுக்குக் கேட்பது தன் தொண்டை விழுங்கும் சத்தம் ஒன்றுதான். கண்ணுக்கு ஓலையின் நரம்பைத் தவிர வேறொன்றும் தெரியாது.

ஐந்தும் வந்துவிட்டன. யாரும் பெயர் கூப்பிடவில்லை. இதையும் கதையில் முழுசாக வைக்க வேண்டும் என்பதில்லை. முழங்கையில் ஒழுகியதை மட்டும் வைத்தால்கூடப் பட்டையில் குடித்தவர்கள் மற்றதைத் தாங்களே வரவழைத்துக்கொள்வார்கள்.

அறிகுறி: எதை முகர்ந்தாலும் ஒரே 'வாசனை'

மூக்கைப் பற்றி எழுதும்போதுதான் நம் ஆட்கள் ரொம்பச் சிக்கனம் பிடிக்கிறார்கள். நல்லதாக இருந்தால் 'மணம்', கெட்டதாக இருந்தால் 'நாற்றம்', முடிந்தது கதை. நாற்றம் என்ற சொல்லே ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது. அது இறங்கி வந்த கதை தனி.

அடுப்படிக்குப் போய்க் கேட்டால் வேறு அகராதி கிடைக்கும். பச்சை மீனிலும் முட்டையிலும் அடிப்பது கவிச்சி. வெள்ளாட்டிடம் மொச்சை. அடிப்பிடித்த பாலில் காந்தல். மிளகாய் வறுத்தால் வருவது நெடி, அது தொண்டைக்குள் போய்விட்டால் கமறல். எண்ணெய்த் தலை பட்ட தலையணையில் சிக்கு. மழைக்காலத்தில் மடித்து வைத்த துணியில் மக்கல். நேற்றைய சாம்பார் ஊசல். மசாலா வதக்கும்போது போக வேண்டியது பச்சை வாசனை. இவ்வளவையும் உங்கள் வீட்டில் தினமும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், கதை எழுத உட்கார்ந்ததும் 'இனிய நறுமணம்' என்று எழுதுவீர்கள். வைத்தியம் இதுதான்: 'வாசனை' என்று எழுதிய இடத்தில் வீட்டில் ஒருவர் என்ன சொல்லியிருப்பார் என்று கேளுங்கள்.

சொல் சரியாக இருந்தும் மூக்கு தப்பாக இருக்கலாம். இது கொஞ்சம் நுட்பமான கோளாறு. எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் முக்கூடல் பக்கத்துப் பீடி சுற்றும் வீடு ஒன்றைப் பற்றி எழுதினார். கதாநாயகி பத்துப் பதினைந்து வருடமாகப் பீடி சுற்றுகிறவள். முதல் வரி: 'புகையிலைத் தூளின் நெடி அவள் மூக்கைத் துளைத்தது.'

துளைக்காது. மூக்கு எந்த வாடைக்கும் சில நிமிடங்களில் பழகிவிடும். வருடக்கணக்கில் அதே திண்ணையில் சுளகை மடியில் வைத்து உட்கார்ந்தவளுக்கு அந்த வீட்டில் வாடையே கிடையாது. அந்த நெடி எழுதினவருடையது, அவள் மூக்கில் கொண்டுபோய் வைத்துவிட்டார். இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. வாட வேண்டியதில்லை, மூன்று வழி இருக்கிறது. வேறு மூக்கைக் கொண்டு வரலாம்: பெண் பார்க்க வந்த வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தும்முகிறார்கள், அவளுக்கு ஏனென்று விளங்கவில்லை. அல்லது அதே மூக்கை வெளியூருக்கு அனுப்பித் திருப்பிக் கூப்பிடலாம்: ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்துவிட்டு வந்தவள் தன் வீட்டு வாடையை முதன்முதலாக முகர்கிறாள். அதுவும் வேண்டாமென்றால் வாடையை விட்டுவிட்டு, அவளுடைய நிஜமான புலனுக்குப் போகலாம். அது விரல்நுனி. ஊறப்போட்ட இலை பதமாக இருக்கிறதா என்று அவள் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை, தொட்டவுடனே தெரியும். காய்ந்திருந்தால் உருட்டும்போது வெடிக்கும். ஈரம் கூடினால் இறுகாது.

அந்தப் பெண் முதல் வழியை எடுத்துக்கொண்டார். தும்மல் வந்த இடத்தில் கதையே வேறு பக்கம் திரும்பியது.

மூக்கு சம்பந்தமாக இன்னொன்று, மண்வாசனை. மழை என்று எழுதினால் அடுத்த சொல் மண்வாசனை என்று ஆகிவிட்டது. காய்ந்து கிடந்த மண்ணில் துளி விழும்போதுதான் அது எழும். மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் அதில் முக்கியமானது. லட்சம் கோடியில் சில பங்கு என்கிற அளவுக்குக் குறைவாக இருந்தாலும் மனித மூக்கு அதைப் பிடித்துவிடும். ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 1964இல் இந்த வாசத்துக்குப் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். நமக்கு மண்வாசனையே போதும். ஆனால் ஐப்பசி அடைமழையின் மூன்றாம் நாளிலும் அதை வீசவிடாதீர்கள். மூன்றாம் நாள் அடிப்பது ஈரச் சுவர், காயாத பனியன், ஓடை மீறி வந்த சாக்கடை.

அறிகுறி: 'சுவையோ சுவை', 'தேவாமிர்தம்'

திருநெல்வேலிக் கதை என்றால் அல்வா வந்தே தீரும். வந்தவுடனே 'நாவில் கரைந்தது' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

ஒரு பரிசோதனை செய்யுங்கள், செலவு நூறு கிராம் அல்வா. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு விள்ளல் வாயில் போடுங்கள். இனிப்பு தெரியும், வழவழப்பு தெரியும், சூடு தெரியும். வேறொன்றும் தெரியாது. பாதி மென்றபின் மூக்கை விடுங்கள். நெய் அப்போதுதான் வரும், கோதுமைப்பால் காய்ந்து சிவந்த வாசமும் அதன் பின்னாலேயே வரும். நாம் சுவை என்று நினைப்பதில் பெரும் பங்கு வாய்க்குப் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுகிற வாசம். சளி பிடித்தால் சொதியும் ரசமும் ஒன்றுபோல் ஆகிவிடுவது இதனால்தான்.

ஆகவே, 'சுவை' என்று எழுதிய இடத்தை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். நாக்குக்கு என்ன வந்தது, மூக்குக்கு என்ன வந்தது, வாயின் தோலுக்கு என்ன வந்தது. அல்வாவில் சிறப்பு மூன்றாவதுதான். கடித்துத் தின்கிற பண்டம் இல்லை அது. பல்லுக்கு வேலை வருவதற்குள் இறங்கிவிடும். விரலில் மிஞ்சிய நெய்யை என்ன செய்வது என்ற பிரச்சினை அதற்குப் பிறகு. துண்டுக் காகிதத்தில் துடைத்தால் காகிதம் கண்ணாடி மாதிரி ஆகும். வேட்டியில் துடைத்தால் வீட்டில் கேள்வி வரும். ஒருவன் அதை எங்கே துடைக்கிறான் என்பதை வைத்தே அவன் யார் என்று சொல்லிவிடலாம்.

காரமும் இப்படித்தான். அறுசுவைப் பட்டியலில் கார்ப்பு இருந்தாலும், மிளகாயில் உள்ள கேப்சைசின் தூண்டுவது சூட்டையும் வலியையும் உணர்கிற நரம்பை. அதனால்தான் மிளகாய் கிள்ளிய விரல் கண்ணில் பட்டால் கண்ணும் எரிகிறது, கண்ணுக்கு நாக்கு கிடையாதே. காரத்தை எழுதும்போது 'காரசாரமான குழம்பு' வேண்டாம். காது மடல் சூடாவதும் மேலுதட்டில் வேர்ப்பதும் மூக்கு ஒழுகுவதும் போதும்.

அறிகுறி: சத்தம் நிறைய, காதில் ஒன்றும் விழவில்லை

இரட்டைக்கிளவி நமக்குக் கிடைத்த பெரிய சொத்து. சொத்து இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் செலவழிப்பவர்கள் உண்டு. அருவி சலசல, வளையல் கலகல, மாடு தடதட, மழை சோசோ. இவையெல்லாம் வாசகர் காதில் ஏற்கெனவே தேய்ந்துபோன நாணயங்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்றுக்கு மேல் இருந்தால் அடித்துவிடுங்கள்.

மிஞ்சுகிற ஒன்றாவது நீங்கள் கேட்டதுதானா என்று பாருங்கள். பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்கிறோம், அதனால் பனை என்றாலே சலசலப்பு. பனைக்குக் கீழே நின்று கேட்டிருக்கிறீர்களா? மேலே பச்சை ஓலையில் காற்று நுழையும்போது தூரத்தில் மழை வருகிற மாதிரி இருக்கும், நிமிர்ந்து பார்த்தால் வானம் வெறிச்சென்று கிடக்கும். கீழே தொங்கும் காய்ந்த காவோலையின் சத்தம் வேறு. மரத்தில் உரசி, யாரோ சாக்கை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. ஒரே மரம், ஒரே காற்று, இரண்டு சத்தம். ராத்திரிக் காட்சியில் இந்த இரண்டாவதை வைத்துப் பாருங்கள், நரியே திரும்பிப் பார்க்கும்.

இன்னொரு வழி, சத்தத்துக்குத் தூரம் கொடுப்பது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அக்கரையில் கல்லில் துணி அடிக்கிறார்கள், இடையில் 170 மீட்டர் தண்ணீர் என்றால், துணி கல்லில் விழுந்து அரை நொடி கழித்துத்தான் 'தொப்' என்று கேட்கும். கை மறுபடி மேலே போகும்போது முந்தின அடியின் சத்தம் வந்து சேரும். இதை ஒரு வரியில் எழுதினால் ஆறு எவ்வளவு அகலம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

அறிகுறி: உள்ளூர்க்காரர் சிரிக்கிறார்

நடை நன்றாக இருக்கிறது, புலன் எல்லாம் இருக்கிறது, ஆனால் திருநெல்வேலி டவுனில் பிறந்து வளர்ந்தவர் படித்துவிட்டுச் சிரிக்கிறார். பெரும்பாலும் மாதம் தப்பியிருக்கும்.

ஒரு கதையில் நெல்லையப்பர் ஆனித் தேர் கொட்டும் மழையில் ஓடியது. எங்காவது ஒரு வருடம் ஓடியிருக்கலாம். ஆனால் எழுதியவர் நினைத்தது குற்றாலத்தை. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மலையில் மோதிக் குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரலாக விழும். கிழக்கே வர வர ஈரம் வற்றிவிடும். செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக வருவது வெறும் காற்று, பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். திருநெல்வேலி நனைவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். அப்படியானால் ஆனித் தேரில் என்ன இருக்கும்? வெயிலில் காய்ந்த தார் ரோடு வெறுங்காலில். பல்லில் நறநறக்கும் புழுதி. வடத்தை விட்ட பிறகும் உள்ளங்கையில் விடாத எரிச்சல். சில நாள் மேற்கே மேகம் மூடி, காற்றில் ஒரு குளிர்ச்சி மட்டும் வந்து எட்டிப் பார்க்கும். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது என்று டவுன்காரர் தோலால் தெரிந்துகொள்வது இப்படித்தான்.

பதநீருக்கும் பனங்கிழங்குக்கும் இதே கணக்கு. கிழங்கு பொங்கலை ஒட்டி, பதநீர் கோடையில். இரண்டையும் ஒரே காட்சியில் விற்காதீர்கள்.

அறிகுறி: உவமை மேல் உவமை

தென்றல் தாய்மடி போல, நிலா வெள்ளித்தட்டு போல. 'போல', 'மாதிரி' எல்லாவற்றையும் வட்டமிடுங்கள். வட்டமிட்டதை எடுத்துவிட்டால் பொருள் நிற்கிறதா? நின்றால் எடுத்துவிடுங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை. மேலே நானே நாலைந்து 'மாதிரி' போட்டிருக்கிறேன், தெரியும்.

அறிகுறி: பெரிய சம்பவம், பெரிய வார்த்தைகள், மனசில் ஒன்றும் நிற்கவில்லை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த இரண்டு மாதம் எங்கள் கூட்டத்தில் வெள்ளக் கதைகள்தான். எல்லாவற்றிலும் 'எங்கு பார்த்தாலும் கடல் போல் காட்சியளித்தது', 'கோரத்தாண்டவம்', 'இயற்கையின் சீற்றம்'. டிவியில் பார்த்ததை எழுதியிருந்தார்கள், இத்தனைக்கும் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்கள்.

காரணம் இதுதான்: சம்பவம் பெரிதாக இருக்கும்போது, தன் உடம்பில் பட்ட சின்ன விஷயம் அற்பமாகத் தோன்றிவிடுகிறது. வழி, என்ன இருந்தது என்று கேட்காமல் என்ன இல்லை என்று கேட்பது. ஒருவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சத்தம் இல்ல அண்ணாச்சி" என்றார். கரண்ட் இல்லாததால் ஃபேன் இல்லை, ஃபிரிட்ஜின் முனகல் இல்லை. பஸ் இல்லை. விடிந்தால் கேட்கும் பால்காரர் மணி இல்லை. தண்ணீர் ஏறுவதற்குச் சத்தமே கிடையாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்ததாம். இருட்டில் கட்டிலிலிருந்து காலைக் கீழே தொங்கவிட்டு, எந்த இடத்தில் ஈரம் படுகிறது என்று அரை மணிக்கு ஒருமுறை பார்த்திருக்கிறார். முதலில் பெருவிரல், பிறகு கணுக்கால்.

"இதைத்தானே எழுதணும்?" என்றேன். "இதையெல்லாமா எழுதுவாவ?" என்றார்.

வடிந்த பிறகு உள்ளதையும் விட்டுவிடுகிறார்கள். வண்டல் வெண்ணெய் மாதிரி வழுக்கும், காய்ந்தால் ஓடு ஓடாகப் பெயரும். அரிசி மூட்டையை அவிழ்த்தால் வருவது ஊசலா புளிப்பா என்று சொல்ல முடியாத ஒரு வீச்சம். பேங்க் பாஸ்புக்கின் பக்கங்களைப் பிரிக்க நகக்கண் வேண்டும்.

அறிகுறி: வர்ணனை பிரமாதம், கதை நின்றுவிட்டது

ஆள் வீட்டுக்குள் நுழைகிறான், ஒன்றரைப் பக்கத்துக்கு வீடு வருகிறது, பிறகு அவன் பேசுகிறான். அந்த ஒன்றரைப் பக்கத்தை யாரும் படிக்கமாட்டார்கள், நானும் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

விவரத்தைத் தனியாக நிறுத்தாமல் வினைச்சொல்லின் முதுகில் ஏற்றுங்கள். 'அங்கே ஒரு பத்தமடைப் பாய் இருந்தது, அது வழவழப்பாக இருந்தது' என்பதற்குப் பதில், 'பாயிலிருந்து எழுந்து வந்தவர் கன்னத்தில் கோரைக் கோடுகள்.' பாய் இருக்கிறது, தூங்கியிருக்கிறார், இப்போதுதான் எழுந்தார், வந்தவனை எதிர்பார்க்கவில்லை. சண்டை நடக்கிற இடத்தில் இதுகூட வேண்டாம். இரண்டு பேர் நேருக்கு நேர் கத்திக்கொள்ளும்போது யாருக்கும் பூ வாசம் வராது.

எதுவும் பலிக்கவில்லை என்றால்

கதையை மூடி வைத்துவிட்டு அந்த இடத்துக்கே போங்கள், கதை நடக்கிற அதே நேரத்துக்கு. செல்போன் பைக்குள் இருக்கட்டும். படம் எடுத்தால் மறுபடி கண்தான் முந்திக்கொள்ளும். பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் வராது, யாராவது பார்க்கிறார்களோ என்ற கூச்சம்தான் இருக்கும். அப்புறம் ஒவ்வொன்றாக வரும். வந்ததை அங்கேயே எழுதாதீர்கள். வீட்டுக்கு வந்தபின் எது தங்கியிருக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள்.

குறுக்குத்துறைப் பத்தியை நான் அப்படித்தான் திருத்தினேன். பாசி, வெதுவெதுப்பு, மீன்குஞ்சு என்று சேர்த்து, அடுத்த மாதக் கூட்டத்தில் கொஞ்சம் பெருமையாகவே வாசித்தேன். இசை ஆசிரியர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். வாசித்து முடித்ததும் ஒரு காலை லேசாக முன்னே நகர்த்தி வைத்தார்.

"இப்ப சரியா நிக்கேன் தம்பி," என்றார். "ஆனா நாலாம் படியில வலது மூலை உடைஞ்சு கிடக்கும்லா. அதைச் சொல்லாம எப்படி இறங்க?"